கல்மரத்துக்கும் முன்னால்

எடமலைப்பட்டி புதூரிலிருந்து எங்கள் மாணவர்களைப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தைப் பார்க்க அழைத்துச் சென்றிருந்தேன். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்றதும் ஒரு மாணவி கேட்டாள்: "அதுக்கு முன்னாடி உயிரே இல்லையா சார்?"

இருந்தது. மிக நெடுங்காலம் நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன. எலும்பில்லாத அவை கல்லில் எப்படித் தடம் பதித்தன? ஆழமற்ற நீரில் சயனோபாக்டீரியா வழவழப்பான படலமாகப் படரும். நுண்மணல் அதில் ஒட்டும், சுண்ணாம்பும் படியும். வெளிச்சம் தேடி உயிர்கள் மேலேறி, புதிய படலம் விரிக்கும். இப்படி அடுக்கடுக்காக வளர்ந்து கல்லானதே ஸ்ட்ரோமடோலைட். வெட்டிப் பார்த்தால் நறுக்கிய வெங்காயம் போல வரிகள் தெரியும். உடல் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

ராஜஸ்தானில் உதய்ப்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் உள்ளவை சுமார் 180 கோடி ஆண்டுப் பழமையானவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் சுமார் 348 கோடி. அம்மாநிலத்தின் ஷார்க் விரிகுடாவில் இன்றும் அவை வளர்கின்றன.

ஆனால், வரி தெரியும் கல்லெல்லாம் உயிரின் தடமல்ல. கிரீன்லாந்துப் பாறையில் 370 கோடி ஆண்டுத் தடம் கண்டதாக 2016இல் ஒரு குழு அறிவித்தது. பாறை அழுந்தி உருமாறியதால் வந்த வடிவம் என்று 2018இல் மற்றொரு குழு மறுத்தது. வகுப்பில் இந்தச் சர்ச்சைக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன்.

மேசைமேல் ஒரு துண்டை விரித்து, இரு பக்கமும் தள்ளச் சொன்னேன். ஓரத்திலிருந்து பார்த்தவர்கள் "குமிழ் சார்" என்றார்கள். மேலிருந்து பார்த்தவளோ, "இல்ல சார், நீளமா வரப்பு மாதிரி இருக்கு" என்றாள். மறுத்த குழுவும் பாறையை எல்லாப் பக்கமும் பார்த்து அதைத்தான் சொன்னது.