இறங்கிய எடை மீண்டும் ஏறும்போது

எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களின் எடைக் கோட்டை வரைந்து பார்த்தால், ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே சாயல்தான். முதல் ஆறு மாதம் செங்குத்தாகச் சரியும். ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் இடையே எங்கோ அடிமட்டத்தைத் தொடும். பிறகு மெல்ல மேல்நோக்கித் திரும்பும். இந்தத் திருப்பம் விதிவிலக்கல்ல, விதியே. எவ்வளவு தூரம் ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

1987-ல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், வழக்கமான சிகிச்சையோடு நிறுத்திக்கொண்ட 2,037 பேரையும் லார்ஸ் ஷோஸ்ட்ரோமின் குழு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தனர். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாகச் சுருங்கியது. இரைப்பையைச் சுற்றி வளையம் பொருத்தியவர்களிடம் 20 சதவீதம் 14 ஆனது. அறுவை செய்யாதவர்களின் சராசரி எடையோ தொடங்கிய இடத்திலிருந்து 2 சதவீதம்கூட அசையவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்து 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பைபாஸ் செய்தவர்களின் சராசரி இழப்பு இரண்டாம் ஆண்டில் 45 கிலோ, ஆறாம் ஆண்டில் 36 கிலோ, பன்னிரண்டாம் ஆண்டில் 35 கிலோ. ஒரு கட்டத்துக்குப் பிறகு கோடு படுத்துவிடுகிறது. பெரும்பாலானோருக்கு ஏற்றம் முடிவில்லாமல் போவதில்லை.

இந்தச் சராசரிக்குள் கொஞ்சமும் ஏறாதவரும் உண்டு, இழந்ததில் பாதிக்கு மேல் திரும்பப் பெற்றவரும் உண்டு. ஆகவே எதை இயல்பான ஏற்றம் என்று விடுவது, எதைக் கவனிக்க வேண்டிய ஏற்றம் என்று கொள்வது என்பது முதல் கேள்வி. மருத்துவர்களிடையே இதற்கு ஒரே அளவுகோல் இல்லை. 120 கிலோவில் இருந்து 80-க்கு இறங்கிய ஒருவர் இப்போது 90 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். கிலோ கணக்கில் 10. அடிமட்ட எடையில் 12.5 சதவீதம், இழந்த 40 கிலோவில் 25 சதவீதம். எண் மாற மாற அதே மனிதரின் நிலை லேசாகவும் தெரியும், மோசமாகவும் தெரியும். 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று பைபாஸ் செய்த 1,406 பேரிடம் இந்த அளவுகோல்களை ஒப்பிட்டது. இழந்த எடையில் எத்தனை சதவீதம் திரும்பியது என்ற கணக்குதான் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் முதலியவை திரும்புவதோடு நன்றாகப் பொருந்தியது. அடிமட்டத்தைத் தொட்டபின் ஐந்தாம் ஆண்டில் பாதிப் பேர் இழந்ததில் கால் பங்குக்கு மேல் திரும்பப் பெற்றிருந்தனர். ஏற்றம் மிக வேகமாக இருந்தது அடிமட்டத்தைத் தொட்ட அடுத்த ஓராண்டில். நோயாளி புதுத்துணி தைத்து, உறவினரிடம் பாராட்டு வாங்கி, மருத்துவமனைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொள்ளும் காலமும் பெரும்பாலும் அதுவேதான்.

திரும்பி ஏறுவதற்கு உடலிடம் வலுவான காரணங்கள் இருக்கின்றன. எடை குறைவதை உடல் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறையும்போது, சேமிப்பு கரைகிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. 1999-ல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கிரெலின் என்ற பசி ஹார்மோன், உணவைக் குறைத்து இளைத்தவர்களிடம் கூடுவதை 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலும் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகக் குறைகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆய்வாளர் கெவின் ஹால் ஆறு ஆண்டுகள் கழித்து அளந்தபோது, அவர்களின் உடல் எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பெரும்பாலானோர் எடையைத் திரும்பப் பெற்றிருந்தனர். சிக்கனம் மட்டும் விலகவில்லை.

அறுவையின் பலம் இந்தத் தற்காப்பைத் தளர்த்துவதில்தான் இருக்கிறது. உலகில் இன்று மிக அதிகமாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கப்படுகிறது. கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. பைபாஸில் முட்டையளவுக்கும் சிறிய பை ஒன்று உருவாக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. இரண்டு முறைகளிலும் உணவு குடலுக்கு விரைந்து சேர்வதால் ஜிஎல்பி-1 போன்ற நிறைவு ஹார்மோன்கள் சாப்பிட்ட சற்று நேரத்திலேயே உயர்கின்றன. எலிகளில் செய்த சோதனை ஒன்று இதை அழகாக விளக்குகிறது. ஸ்லீவ் செய்த எலிகளைப் பட்டினி போட்டு இன்னும் இளைக்க வைத்தார்கள். உணவைத் தாராளமாகத் திறந்துவிட்டதும் அவை அதிகம் தின்று எடை கூட்டின. ஆனால் பழைய பருமனுக்குப் போகவில்லை, அறுவை தந்த குறைந்த எடை வந்ததும் நின்றுவிட்டன. வயிறு சிறியதாக இருப்பதால் தின்ன முடியவில்லை என்ற விளக்கம் அங்கே பொருந்தவில்லை. உடல் காக்க முயலும் எடையே கீழே நகர்ந்திருக்கிறது. மனிதரில் இந்த நகர்வு எல்லோருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை, அப்படியே நிலைத்துவிடுவதும் இல்லை.

எடை ஏறியதும் நோயாளிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது: வயிறு மறுபடி பெரிதாகிவிட்டதா? ஓரளவு விரிவது இயல்பு. கல்யாணப் பந்தியில் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட்டதால் தையல் விட்டுப்போய் வயிறு பழையபடி ஆகிவிடுவதில்லை. ஆனால் உண்மையான உடலமைப்புக் கோளாறுகளும் இருக்கின்றன. பைபாஸில் பைக்கும் குடலுக்கும் இடையிலுள்ள வாய் அகன்றுபோகலாம். அப்போது உணவு தங்காமல் இறங்கிவிடும், நிறைவு நீடிக்காது. ஒதுக்கப்பட்ட பழைய இரைப்பைக்கும் சிறு பைக்கும் நடுவே அரிதாகப் புதிய வழி திறந்துகொள்ளும். ஸ்லீவில் மேல்பகுதியைச் சரியாக நீக்காமல் விட்டிருந்தால் அது நாளடைவில் பை போல விரியும். எண்டோஸ்கோப்பியும் பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் இவற்றைக் காட்டிவிடும்.

பலருக்கு வியப்பாக இருப்பது இதற்கு நேரெதிரான நிலை: வழி மிகவும் குறுகிவிட்டாலும் எடை ஏறும். கோழிக்கறியோ சப்பாத்தியோ நெஞ்சில் அடைத்து வாந்தி வரும்போது, அந்த மனிதர் சிரமமில்லாமல் இறங்குவதைத் தேடிப் போகிறார். ஐஸ்கிரீம், பாயசம், இனிப்பு போட்ட பால், டீயில் ஊறவைத்த பிஸ்கட் எல்லாம் எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்துவிடும். சாப்பிடவே முடியவில்லை என்று அவர் சொல்வதும் உண்மை, எடை ஏறுவதும் உண்மை. இறுக்கமாகப் பொருத்தப்பட்ட வளையங்களோடு வாழ்ந்தவர்களிடம் இது அடிக்கடி காணப்பட்டது.

உடலமைப்புக் கோளாறு எதுவும் இல்லாதவர்களே அதிகம். அவர்களிடம் பொதுவாகத் தெரிவது கொறித்தல். அறுவை பெரிய தட்டை ஒழித்துவிடுகிறது; நாள் முழுவதும் சிறுசிறு பிடியாக உள்ளே போவதை அதனால் தடுக்க முடியாது. ஐம்பது கிராம் மிக்சரில் ஏறத்தாழ 250 கலோரி இருக்கிறது. சிறிய இரைப்பையில் அது நொறுங்கிக் கரைந்து விரைவில் இடம்விட்டுவிடும். அதே கலோரிக்கான மீனோ முட்டையோ பனீரோ பாதியிலேயே போதும் என்று சொல்லவைக்கும். அறுவை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்று பழக்கங்கள் தனியே தெரிந்தன: வாரம் ஒருமுறை எடை பார்ப்பது, வயிறு நிறைந்ததும் நிறுத்துவது, இடைவிடாமல் தின்பதை விடுவது. அறுவைக்குப் பின் இம்மூன்றையும் புதிதாகக் கைக்கொண்டவர்கள் மூன்றாம் ஆண்டில் தொடக்க எடையில் சுமார் 39 சதவீதத்தையும், எதையும் மாற்றாதவர்கள் சுமார் 25 சதவீதத்தையும் இழந்திருப்பார்கள் என்று கணக்கிடப்பட்டது. மூன்றுமே செலவில்லாதவை. கடைப்பிடிப்பது எளிது என்று அதற்குப் பொருளல்ல.

பைபாஸ் செய்த சிலருக்குத் தனியொரு சிக்கல் உண்டு. இனிப்போ மாவுப்பொருளோ சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறி, இன்சுலின் பெருகி, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், அகோரப் பசி எடுக்கும். உடனே சர்க்கரையை வாயில் போட்டால் நடுக்கம் நிற்கும். அதுவே அடுத்த சரிவுக்கு விதை. இதை நாக்கை அடக்கத் தெரியாத குணம் என்று நினைத்து வருந்துபவர்கள், இது சிகிச்சை உள்ள மருத்துவ நிலை என்று அறிந்தாலே பாதி நிம்மதி பெறுகிறார்கள். மதுவும் இந்த அறுவைக்குப் பின் ரத்தத்தில் விரைவாகவும் அதிகமாகவும் ஏறுகிறது. மதுப் பழக்கச் சிக்கல் முதலாண்டில் அல்ல, இரண்டாம் ஆண்டில் கூடுவதை 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது.

வேறு நோய்க்குக் கொடுத்த மாத்திரைகளையும் மறக்கக் கூடாது. இன்சுலின், சல்போனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, ஒலான்சபின், மிர்டாசபின், வால்புரோயேட் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. தைராய்டு குறைபாடு, தூக்கக் குறைவு, மாதவிடாய் நிற்கும் பருவம், மனச்சோர்வு எல்லாமே கணக்கில் வரும்.

ஆகவே பழைய பாதைக்குத் திரும்புவதன் முதல் படி உணவுத் தட்டில் இல்லை. அறுவை செய்த மருத்துவரிடம் திரும்பப் போவதில் இருக்கிறது. அங்கேதான் பலர் தயங்குகிறார்கள். அத்தனை செலவு செய்தும் மறுபடி ஏறிவிட்டதே என்று வீட்டில் விழும் சொல்லும், டாக்டர் திட்டுவாரோ என்ற பயமும் சேர்ந்து, ஐந்து கிலோவில் வந்திருக்க வேண்டியவரை இருபது கிலோவில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் ஏறினால் யாரும் நோயாளியின் குணத்தைக் குறை சொல்வதில்லை. எடைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் குறுக்குவழி, ஐந்து நாள் திரவ உணவில் இருந்து இரைப்பையை மீண்டும் சுருக்கிக்கொள்ளலாம் என்பது. இரைப்பை தசையும் சவ்வும் கொண்ட உறுப்பு. கஞ்சித் தண்ணீர் குடித்தால் சுருங்கும் பை அல்ல. அந்த ஐந்து நாளில் இரண்டு மூன்று கிலோ குறைவது உண்மைதான். கல்லீரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோஜனும், அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் வெளியேறுவதால் வரும் குறைவு அது; சோறு உள்ளே போனதும் திரும்பிவிடும். கொறிக்கும் பழக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளியாகச் சிலருக்கு அது உதவலாம், அதற்குமேல் எதுவும் இல்லை. ஏற்கெனவே சத்துக் குறைபாடு உள்ளவருக்கு அது தீங்காகவும் முடியும்.

உணவில் மீட்க வேண்டியது முதலில் புரதம். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் என்பது வழக்கமான இலக்கு. சைவ உணவுக்காரருக்கு இது லேசான காரியமல்ல. ஒரு கப் சாம்பாரில் உள்ள பருப்பு நினைப்பதைவிடக் குறைவு; இட்லியும் தயிர்சாதமும் மென்மையாக இறங்குவதாலேயே புரதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பனீர், கெட்டித் தயிர், சோயா, சுண்டல், முட்டை சாப்பிடுவோருக்கு முட்டை, தேவைப்பட்டால் புரதப் பொடி என்று முதலில் இவற்றைச் சாப்பிட்டு, பிறகு காய், கடைசியில் சோறு என்ற வரிசை உதவுகிறது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் அரை மணி இடைவெளி விடச் சொல்வது, சாப்பிட்டது சீக்கிரம் இறங்காமல் நிறைவு நீடிக்க வேண்டும் என்ற நோக்கத்தில்தான். உடற்பயிற்சி மட்டும் எடையை வெகுவாக இறக்காது. ஆனால் வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி, இளைப்பதில் தசையும் சேர்ந்து கரைவதைக் குறைக்கும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும். எடை ஏறிவிட்டதால் சத்தும் ஏறியிருக்கும் என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. பருமனோடு ரத்தசோகையும் சேர்ந்திருப்பதில் வியப்பில்லை.

இவை போதாதபோது மருந்துகள் வருகின்றன. லண்டனில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் போதிய எடை குறையாத, ஜிஎல்பி-1 சுரப்பும் குறைவாக இருந்த 70 பேருக்கு ஜிஎல்பி-1 போலச் செயல்படும் லிராகுளுடைட் ஊசியோ மருந்தில்லாத ஊசியோ கொடுக்கப்பட்டது. 24 வாரத்தில் மருந்து பெற்றவர்களின் எடை சுமார் 9 சதவீதம் குறைந்தது. மற்றவர்களிடம் அரை சதவீதம். வாரம் ஒரு முறை போடும் செமகுளுடைடும் டிர்செபடைடும் இதைவிட வலுவானவை. 2025 முதல் எடைக்குறைப்புக்கென்றே இந்தியச் சந்தையிலும் கிடைக்கின்றன. அறுவை செய்யாதவர்களிடம் நடந்த ஆய்வொன்றில், செமகுளுடைடை நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியது. தொடங்குவதற்கு முன் எத்தனை ஆண்டு போட முடியும், செலவு தாங்குமா என்று பேசிக்கொள்வது நல்லது. ஏற்கெனவே சிறிய இரைப்பையோடு, பசியையும் மருந்து அடக்கிவிட்டால் புரதமும் தண்ணீரும் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம் என்பதும் கவனிக்க வேண்டியது.

மறு அறுவை கடைசியில் வருவது. அகன்ற வாயை எண்டோஸ்கோப்பி வழியாக, வயிற்றைக் கிழிக்காமல் தைத்துச் சுருக்க முடியும். பலன் மிதமானது, அபாயமும் குறைவு. ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது இன்னொரு வழி. எடையோடு கடுமையான நெஞ்செரிச்சலும் உள்ளவருக்கு இது இரட்டிப்பு நன்மை தரும். எனினும் ஏற்கெனவே வெட்டி ஒட்டிய இடத்தில் மறுபடி கைவைக்கும்போது கசிவும் ரத்தப்போக்கும் முதல் அறுவையைவிட அதிகம் நேர்கின்றன. முதல் முறை இறங்கிய அளவுக்கு எடை இறங்குவதும் அபூர்வம். உடலமைப்பில் திருத்தக்கூடிய கோளாறு கண்ணுக்குத் தெரியும்போதுதான் இந்தக் கணக்கு தெளிவாக நோயாளிக்குச் சாதகமாகிறது. எதுவும் தெரியாதபோது, மருந்தையும் உணவுமுறையையும் சில மாதம் முயன்று பார்த்த பிறகே பெரும்பாலான நிபுணர்கள் கத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள்.