குழந்தைக்குத் தாய்... கன்னியர் சபைக்கும் தாய்! யார் இந்த எலீஸ்வா?

போடியில இருந்து ஏலக்காய்த் தோட்டங்களைத் தாண்டி, மூணாறு வழியா இறங்கினா கொச்சி. அதுக்குப் பக்கத்து ஊர் கூனம்மாவு. கேரளாவின் முதல் பெண் துறவற சபை 1866-ல் அங்கேதான் பிறந்தது. தொடங்கியவர், கணவரை இழந்த ஒரு தாய்!

1831-ல் பிறந்த எலீஸ்வா, 1851-ல் கணவரை இழந்தார். மறுமணப் பேச்சை மறுத்துட்டார். 15 வருஷம் கழித்து, மகள் அன்னா, தங்கை திரேசியாவோடு மூங்கில் தட்டி வீட்டில் துறவு வாழ்க்கையைத் தொடங்கினார். அடுத்து பெண்களுக்குப் பள்ளியும் விடுதியும் வந்தன.

1890-ல் லத்தீன், சிரியன் என வழிபாட்டு முறைப்படி சபை இரண்டானது. லத்தீன் பிரிவைச் சேர்ந்த எலீஸ்வா, தான் தொடங்கிய மடத்தை விட்டே வெளியேற வேண்டியதாச்சு. அப்போ வயது 58. வராப்புழையில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். 1913-ல் அங்கேயே மறைந்தார்.

2025 நவம்பர் 8-ல் அவருக்கு 'அருளாளர்' பட்டம் கிடைத்தது. புனிதர் பட்டத்துக்கு இன்னும் ஒரு படிதான் பாக்கி!