உள்ளத்து நோய்க்கு வீட்டாரே முதற்சாட்சி

காய்ச்சல் என்றால் வெப்பமானி இருக்கிறது. சர்க்கரை நோய் என்றால் ஒரு துளி இரத்தம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படம் காட்டிக் கொடுக்கிறது. உள்ளத்தில் தோன்றும் நோய்களுக்கு இத்தகைய அளவுகோல் இன்றளவும் அமையவில்லை. மருத்துவம் இவ்வளவு வளர்ந்த பின்னரும், மனச்சோர்வு நோயையோ மனச்சிதைவு நோயையோ இரத்தத்தைப் பார்த்து உறுதி செய்துவிட இயலாது. மனநல மருத்துவர் கேட்டும் கவனித்துமே முடிவுக்கு வருகிறார்.

அவர் பலவிதமாகக் கேட்டாலும், கேள்விகளின் சாரம் மூன்றுதான். இவரிடம் என்ன மாற்றம் கண்டீர்கள்? எவ்வளவு காலமாக? அதனால் இவருடைய உணவு, உறக்கம், வேலை, உறவு ஆகியவை எந்த அளவுக்குக் கெட்டிருக்கின்றன? இவற்றுக்கான விடையில் பாதி நோயாளியிடம் இருக்கும். மறுபாதி அவருடைய தாயிடம், மனைவியிடம், உடன்பிறந்தாரிடம் இருக்கும். வீட்டார் சரியாகக் கவனித்துச் சொல்லும் செய்தியே இங்கு இரத்தப் பரிசோதனையின் இடத்தில் நிற்கிறது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? மாற்றத்தைக் காண்கிறோம், உடனே அதற்கு ஒரு பெயரும் சூட்டிவிடுகிறோம். இளைஞன் என்றால் சோம்பல் அல்லது திமிர். பெண் என்றால் கண்ணேறு அல்லது செய்வினை. முதியவர் என்றால் வயதுக் கோளாறு. பெயர் சூட்டியதுமே கவனிப்பது நின்றுபோகிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16 ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநோயால் துன்புறுகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறாதவர்கள்.

கவலையும் நோயும்

துக்கம் எல்லாருக்கும் வரும். அது நோயாவது எப்போது? பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியில், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் மனம் கனத்திருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்க்கின்றனர். முன்பு விரும்பிய எதிலும் நாட்டமில்லாமை, உறக்கமும் பசியும் குறைதல் அல்லது மிகுதல், காரணமற்ற களைப்பு, கவனம் சிதறுதல், ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவையும் அதனுடன் சேர்ந்திருக்கும். நம் ஊர்களில் பலர் ‘மனம் சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. நெஞ்செரிச்சல், தலைப்பாரம், உடம்பு வலி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குகின்றனர். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் துன்பம் மட்டும் தீர்வதில்லை.

ஐவேளையும் ஜமாஅத்துக்குத் தவறாத பெரியவர் ஒருவர் பள்ளிவாசலுக்கு வருவதைக் குறைத்துக் கொள்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ‘ஈமானில் பலவீனம்’ என்று சிலர் தீர்ப்புச் சொல்லக்கூடும். அவர் உண்ணுகிறாரா, உறங்குகிறாரா, பேரப்பிள்ளைகளிடம் முன்போல் பேசுகிறாரா என்று முதலில் விசாரிப்பதன்றோ முறை?

காரணமுள்ள துக்கமும் காரணம் தெரியாத துக்கமும் வெவ்வேறு என்பதை ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர், இன்றைய ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த பல்க் பகுதியில் தோன்றிய அபூ ஸைத் அல்-பல்கீ (மறைவு கி.பி. 934). உடலுக்கும் உள்ளத்துக்குமாக இரு பகுதிகள் கொண்ட நூலொன்றை அவர் யாத்தார். இழப்பினால் வரும் துக்கத்திற்கு ஆறுதலும் அறிவுரையும் மருந்து. காரணமின்றி உடலின் கோளாற்றால் எழும் துக்கத்திற்கு உடலுக்குரிய சிகிச்சை வேண்டும் என்பது அவர் செய்த பாகுபாடு. இன்றைய மருத்துவர்களும் மனச்சோர்வு என்று முடிவு செய்யுமுன் தைராய்டு, இரத்தசோகை, வைட்டமின் பி-12 குறைவு போன்றவை உள்ளனவா என்று சோதிக்கின்றனர். இந்நோய்களும் மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும்.

பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பேறுகாலத்தை அடுத்த சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது இயல்பே; இரண்டு வாரத்திற்குள் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது நோய். நாற்பது நாள் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாய் அறவே உறங்காமல், தொடர்பின்றிப் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்களை வெளியிட்டால் அன்றைய தினமே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அதுவரை தாயையும் சேயையும் தனித்திருக்க விடலாகாது.

சோர்வுக்கு நேர் எதிரான நோயும் உண்டு. நாட்கணக்கில் தூக்கமில்லை, ஆனால் களைப்பும் இல்லை. ஓயாத பேச்சு, அளவற்ற செலவு, தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்ற மிதப்பு. இதனை வீட்டார் முதலில் சுறுசுறுப்பு என்று மகிழ்வதும் உண்டு. சிலருக்கு இம்மிதப்பும் மனச்சோர்வும் மாறி மாறி வரும். இருமுனைக் கோளாறு என்பது இதன் பெயர்.

வஸ்வாஸ்

ஒளூச் செய்ய அமர்ந்தவர் அரை மணி நேரமாகியும் எழவில்லை. கை நனைந்ததா, முழங்கை நனைந்ததா என்ற ஐயம் தீர்வதில்லை. தொழுகையில் தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார். ஆடையில் அசுத்தம் பட்டிருக்குமோ என்று நாளுக்கு நான்கு முறை குளிக்கிறார். இதனைப் பேணுதல் என்று மதிப்பவர்களும் உளர். ஷைத்தானின் ஊசாட்டம் என்று சொல்லி விட்டுவிடுபவர்களும் உளர்.

உறுதியானதை வெறும் ஐயம் நீக்காது என்ற சட்டவிதியை மதரஸாவில் ஓதும் மாணவரும் அறிவார். வஸ்வாஸைப் பொருட்படுத்தாமல் தொழுகையைத் தொடரும்படியே இமாம்களும் சட்டம் சொல்லியிருக்கின்றனர். சாதாரண ஐயம் உள்ளவர் இச்சட்டத்தைக் கேட்டதும் அமைதி அடைவார். நோயுள்ளவரோ அமைதி அடைவதில்லை! அவருக்கும் சட்டம் தெரியும். தம் ஐயம் பொருளற்றது என்பதும் பெரும்பாலும் தெரியும். ஆயினும் நிறுத்த முடியவில்லை. இந்த இயலாமையே நோயின் அடையாளம். ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் இதிலேயே கழிந்தால், அல்லது வாழ்க்கை இதனால் முடங்கினால், அது ஓ.ஸி.டி. எனப்படும் நோயாக இருக்கக்கூடும். தண்ணீர் சம்பந்தமில்லாமலும் இது வரும். பூட்டை இருபது முறை இழுத்துப் பார்ப்பது, இறைவனைப் பற்றியே தகாத எண்ணங்கள் விரும்பாமல் தோன்றி வதைப்பது ஆகியவையும் இதன் வடிவங்களே. இவ்வகை எண்ணங்களால் தாம் இறைமறுப்பாளராகிவிட்டோமோ என்று அஞ்சி, எவரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் வெந்து கொண்டிருப்பவர்களின் நிலை பரிதாபத்திற்குரியது.

இங்கு வீட்டார் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ‘நனைந்துவிட்டது, சுத்தமாகிவிட்டது’ என்று நூறு முறை உறுதி கூறுவது நோய்க்குத் தீனி போடுவதாகும். ஆலிம்களிடம் ஒரே மஸ்அலாவைப் பத்து முறை கேட்பவருக்குப் பத்து முறையும் விடை சொல்வதும் அப்படியே. ஐயம் எழுந்தபோதும் கழுவாமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்குவதே இதற்குரிய உளவியல் சிகிச்சை. தேவையானால் மாத்திரையும் தருகின்றனர்.

நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, ‘இப்போதே உயிர் போகிறது’ என்று பதறும் பதற்ற நோயையும் இங்கே குறிப்பிட்டுச் செல்கிறேன். முதன்முறை அவ்வாறு வந்தால் இதயத்தைச் சோதித்துக் கொள்வதே அறிவுடைமை. இதயத்தில் குறையில்லை என்றறிந்த பின்னரும் திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரை நாட வேண்டும்.

ஏர்வாடியில் எரிந்த கொட்டகை

2001 ஆகஸ்ட் 6 ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக் கொண்டது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்விதத்திலும் தடை செய்கிறது.

கொட்டகையில் கிடந்தவர்களை அங்கே கொண்டு சேர்த்தவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தக் குடும்பத்தினரே. அன்பில்லாமல் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நோயை நோயென்று அறியாமல் செய்தார்கள்.

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளமையில், பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தலைகாட்டுகிறது. மெல்ல மெல்ல ஒதுங்குவது, குளிக்காமல் உடை மாற்றாமல் இருப்பது, படிப்பில் சரிவது ஆகியன முதலில் வரும். பிறகு எவரும் பேசாதபோது குரல் கேட்கிறது என்பார். தம்மைப் பிறர் கண்காணிக்கின்றனர், உணவில் எதையோ கலக்கின்றனர் என்பார். தனியே சிரிப்பார். ஜின் என்னும் படைப்பு உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் கேட்காத குரலைக் கேட்பவரெல்லாம் ஜின் பிடித்தவர் என்பது எந்த நம்பிக்கையிலும் அடங்காது. ஓதிப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; துஆவும் ஓதலும் நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஆறுதலே. நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியதும் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்தாமே! ஓதுபவரிடம் செல்லும் வாரத்திலேயே மருத்துவரிடமும் செல்லலாம். மருந்தை நிறுத்தச் சொல்பவர், அடிப்பவர், புகை போடுபவர், பணம் கறப்பவர் ஆகியோரிடம் செல்லலாகாது. இந்நோயில் சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குணமும் நன்றாக இருக்கும்.

முஸ்லிம்கள் பண்டைக் காலத்தில் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் அலெப்போவிலும் கட்டிய பீமாரிஸ்தான்களில் மனநோயாளிகளுக்கென்று தனிப்பகுதி வைத்தனர் என்று மேடைகளில் பெருமையுடன் பேசுகிறோம். உண்மைதான். அங்கும் சிலர் பிணைக்கப்பட்டிருந்ததைப் பயணி இப்னு ஜுபைர் பதிவு செய்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மனநோயாளிக்குரிய இடம் மருத்துவமனை என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

முதியவர் ஒருவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பிப் பிதற்றினால் அது மனநோய் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். சிறுநீர்த்தொற்று, இரத்தத்தில் உப்புக் குறைவு, சர்க்கரை தாழ்தல் ஆகியவை அவ்வாறு செய்யும். அது அவசர நிலை.

இன்னொன்று: ‘நிக்காஹ் ஆனால் சரியாகிவிடும்’ என்ற பேச்சு. நோயை மறைத்து மணமுடிப்பதால் எந்த மனநோயும் குணமானதில்லை. மணமகள் வீட்டில் மாத்திரையை மறைக்கப்போய் மருந்து நின்று, சில மாதங்களில் நோய் முற்றி, இரு குடும்பங்களும் ஜமாஅத் பஞ்சாயத்தில் வந்து நிற்கின்றன. உரியவரிடம் உண்மையைச் சொல்லி, மருந்தும் தொடருமானால் இல்லறம் நடத்துபவர்கள் எத்தனையோ பேர்.

பிள்ளைகளிடத்தில்

மனநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் பிள்ளைகளின் நோய் பெரியவர்களின் நோயைப் போல் தோற்றமளிப்பதில்லை. மனச்சோர்வுற்ற சிறுவன் அழுவதைவிட எரிச்சல் படுவான். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிற்று வலி என்பான்.

மதரஸாவில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று. ஒரு பையன் காதால் கேட்டு மனனம் செய்வதில் முந்தி நிற்கிறான். எழுத்தைப் பார்த்து ஓதச் சொன்னால் திணறுகிறான். பே, தே, ஸே மூன்றும் அவனுக்கு மாறி மாறித் தெரிகின்றன. தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் குழம்புவர். ஏழெட்டு வயதைக் கடந்தும், மற்றவற்றில் கூர்மையாக இருந்தும், தமிழிலும் அதே திணறல் இருந்தால் டிஸ்லெக்ஸியா எனும் கற்றல் குறைபாட்டைப் பற்றி எண்ண வேண்டும். பிரம்பால் இது தீராது. முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, உளவியல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சான்று பெற்றால் அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலான சலுகைகளும் உண்டு.

ஓரிடத்தில் அமராத பிள்ளை எல்லாம் ஏ.டி.எச்.டி. பிள்ளை அல்ல. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல், வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே அத்தன்மை இருக்க வேண்டும். ஓர் ஆசிரியரின் வகுப்பில் மட்டும் அடங்காதவன் என்றால் அந்த வகுப்பைத்தான் ஆராய வேண்டும்!

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாத குழந்தை, பேசிய சொற்களை இழந்துவிட்ட குழந்தை ஆகியோரை ‘அவன் வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று காத்திருக்காமல் காட்ட வேண்டும். காது கேட்கிறதா என்பதே முதற் சோதனை. அடுத்தது ஆட்டிசம் உண்டா என்பது. மாவட்டந்தோறும் அரசின் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இதனைக் கட்டணமின்றிப் பார்க்கின்றனர்.

நன்றாக இருந்த பிள்ளை திடீரென மாறினால், படுக்கையை நனைக்கத் தொடங்கினால், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு அஞ்சினால், தனிமையில் பரிவோடு விசாரியுங்கள். பிள்ளை சொல்வது உறவினர் பெயராயினும் உஸ்தாதின் பெயராயினும் நம்புங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இதற்கென்றே உள்ளது.

மருத்துவரிடம் செல்லும்போது

ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். மாற்றம் தொடங்கிய மாதம், உறக்கம் எத்தனை மணி நேரம், உணவு எவ்வளவு, விட்டுப்போன வேலைகள் எவை, உண்ணும் பிற மருந்துகள், போதைப் பழக்கம், குடும்பத்தில் முன்பு எவருக்கேனும் இருந்ததா என்பன எல்லாம் அதில் இருக்கட்டும். ‘பைத்தியம் மாதிரி நடக்கிறார்’ என்றால் மருத்துவருக்கு எதுவும் விளங்காது. ‘ரமலானுக்குப் பிறகு இரவில் இரண்டு மணி நேரமே உறங்குகிறார், கடைக்குப் போய் மூன்று வாரமாகிறது’ என்றால் பாதி நோய் விளங்கிவிடும். மருத்துவரிடம் நோயாளி தனியே பேசவும் இடம் கொடுங்கள், முக்கியமாகப் பெண்களுக்கு.

‘வாழ்ந்து என்ன பயன்’ என்று ஒருவர் சொன்னால், ‘உயிரை விடும் எண்ணம் வருகிறதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. சொல்ல வழி பிறக்கிறது. தற்கொலை பாவம் என்ற உபதேசத்தை அந்த நேரத்தில் தொடங்காதீர்கள். தனியே விடாமல், மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் அப்புறப்படுத்திவிட்டு, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நான்காம் நாளே நிறுத்திவிடுவதும், சற்றுக் குணம் தெரிந்ததும் தாமாக விடுவதும் கூடாது. நோன்பு மாதம் வருமுன் மருத்துவரைக் கலந்து மருந்து நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக் கொள்ள முடியுமா என்று கேளுங்கள். லித்தியம் உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் நோன்பு நோற்கவே கூடாது; உடலில் நீர் குறைந்தால் அம்மருந்து நஞ்சாகக்கூடும்.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1794 இல் தோன்றிய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அவ்வளவு தூரம் செல்லத் தேவையில்லாதவாறு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. வெளியே செல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 இல் மத்திய அரசு தொடங்கிய இச்சேவை இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.