பீரோவில் தூங்கும் 'சுவிஸ் கத்தி'... ஒரிஜினலா? டூப்பா? அடையாளம் காண்பது எப்படி?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ லீவுக்கு ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தால், சென்ட் பாட்டில், தைலம், சாக்லேட் டப்பாவோடு ஒரு சிவப்பு கத்தியும் வெளியே வரும். சிவப்பு கைப்பிடியில் வெள்ளையாக ஒரு சிலுவை. மடித்தால் விரல் நீளம்தான். விரித்தால் கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், டின் ஓப்பனர், பல்குத்தி வரைக்கும் உள்ளே இருக்கும். ஈழத்தமிழர்கள் பல்லாயிரம் பேர் சுவிட்சர்லாந்தில் வாழ்கிறார்கள். அங்கிருந்து சொந்தக்காரர் கையால் நேராக வந்து சேர்ந்த கத்திகளும் உண்டு.

வந்த புதிதில் வீடே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். அப்புறம் பீரோவுக்குள் போய்விடும். பத்து இருபது வருஷம் கழித்து பீரோவைச் சுத்தம் செய்யும்போது, "துருப்பிடிச்சு கிடக்கு, தூக்கிப் போடு" என்று காயலான் கடைக்குப் போய்விடும்.

அங்கேதான் சிக்கல். இந்தக் கத்தியை நாணயம், தபால்தலை சேர்ப்பது மாதிரி தேடித்தேடி சேர்க்கும் கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கத்திகளில் ஒன்றுக்கு சாதாரண விலை, இன்னொன்றுக்கு பல மடங்கு விலை. விஷயம் தெரியாதவர் நல்ல சரக்கை எடைக்குப் போடுகிறார். அவசரக்காரரோ 'லிமிடெட் எடிஷன்' என்று பெட்டியில் அச்சடித்த டூப்ளிகேட்டை கேட்ட காசு கொடுத்து வாங்குகிறார். ரெண்டு பேருக்கும் நஷ்டம்!

கத்தியின் வயசு, ஊர், கம்பெனி எல்லாம் கத்தியிலேயே இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

ஒரு கத்தி, இரண்டு கம்பெனி

சுவிஸ் கத்தி என்றாலே ஒரே கம்பெனிதான் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. கார்ல் எல்செனர் என்பவர் 1884-ல் ஈபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை ஆரம்பித்தார். அதுதான் இன்றைய 'விக்டோரினாக்ஸ்'. அவருடைய அம்மா பெயர் விக்டோரியா. 1909-ல் அம்மா இறந்ததும் அந்தப் பெயரையே கம்பெனிக்கு வைத்துவிட்டார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் ஒட்டிக்கொள்ள, விக்டோரினாக்ஸ் ஆனது.

இரண்டாவது கம்பெனி 'வெங்கர்'. டெலெமோன் என்ற ஊரைச் சேர்ந்தது. சுவிஸ் ராணுவம் இரண்டு கம்பெனிக்கும் ஆர்டரைப் பங்கு போட்டுக் கொடுத்தது. சுமார் நூறு வருஷம் இரண்டும் போட்டி போட்டு கத்தி செய்தன. 2001-ல் அமெரிக்காவில் விமானத் தாக்குதல் நடந்த பிறகு விமானத்தில் கத்திக்குத் தடை வந்தது. ஏர்போர்ட் கடைகளில் விற்பனை படுத்துவிட்டது. 2005-ல் வெங்கரை விக்டோரினாக்சே வாங்கியது. அப்புறம் கத்தியில் வெங்கர் பெயர் போடுவதையும் நிறுத்திவிட்டார்கள். இனி புதுசாக வெங்கர் பெயரில் கத்தி வராது என்பதால், வீட்டில் கிடப்பது வெங்கரா என்று முதலில் பார்ப்பது நல்லது.

இதற்குக் கைப்பிடியில் உள்ள சின்னத்தைப் பார்த்தாலே போதும். சிலுவையைச் சுற்றி கேடயம் மாதிரி, கீழே கூராக இறங்கும் கோடு இருந்தால் விக்டோரினாக்ஸ். முனை மழுங்கிய சதுரக் கட்டத்துக்குள் சிலுவை இருந்தால் வெங்கர்.

சின்னம் தேய்ந்து போயிருந்தால்? கத்தரிக்கோலை விரித்துப் பாருங்கள். இரண்டு கைப்பிடிக்கும் நடுவே வளைந்த மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒன்று தனியாகத் தெரிந்தால் அது விக்டோரினாக்ஸ். இந்தத் தகடுதான் அடிக்கடி உடையும். வெங்கர் கத்தரியில் அப்படித் தகடு கிடையாது, வெட்டும் முனையில் பொடிப்பொடியாக பல் இருக்கும். டின் ஓப்பனரிலும் வித்தியாசம் உண்டு. விக்டோரினாக்சில் அதன் நுனி சின்ன ஸ்க்ரூ டிரைவராக முடியும். வெங்கரில் கொக்கி மாதிரி வளைந்திருக்கும்.

ஒரு விதிவிலக்கு. வெங்கர் வடிவத்திலேயே, ஆனால் விக்டோரினாக்ஸ் கேடயத்தோடு சில கத்திகள் உண்டு. கம்பெனி இணைந்த பிறகு 'டெலெமோன்' வரிசை என்று வந்தவை அவை. சின்னம் ஒன்று, உடம்பு ஒன்றாக இருக்கிறதே என்று போலிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

அடிப்பாகத்தில் எழுத்து

அடுத்து பெரிய பிளேடை முழுசாகத் திறங்கள். கைப்பிடிக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், பிளேடின் அடியில் பொடி எழுத்து இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

பழைய விக்டோரினாக்சில் கம்பெனி பெயரோடு 'ஸ்விட்சர்லாந்து', 'ஸ்டெய்ன்லெஸ்', 'ரோஸ்ட்ஃப்ரை' என்று இருக்கும். கடைசிச் சொல் ஜெர்மன் மொழியில் துருப்பிடிக்காதது என்று அர்த்தம். பின்னால் வந்தவற்றில் 'சுவிஸ் மேட்' என்று மாறியது. 'எலினாக்ஸ்' என்று இருந்தால் பலரும் டூப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தப்பு. அதே கம்பெனி விலை குறைத்து விற்ற வரிசைக்கு வைத்த பெயர் அது. எல்செனர் பெயரில் பாதி, இனாக்சில் பாதி. அதுபோல 'வெங்கரினாக்ஸ்' என்று இருந்தால் பழைய வெங்கர்.

வயசு கணிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. கத்தியின் முதுகுப் பக்கம் மடக்கி வைத்த கொக்கி ஒன்று சில மாடல்களில் வரும். பார்சல் கயிற்றை மாட்டித் தூக்குவதற்கு உள்ளது. இதை விக்டோரினாக்ஸ் 1991-ல்தான் கொண்டு வந்தது. கொக்கி உள்ள கத்தியைக் காட்டி "எங்க தாத்தா 1970-ல வாங்கினது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். கொக்கி இல்லை என்பதால் மட்டும் பழசு என்று சொல்லிவிட முடியாது. இப்போதும் கொக்கி இல்லாத மாடல்கள் வருகின்றன.

ஸ்கேல் எடுத்து அளந்தும் பார்க்கலாம். மடித்த நிலையில் விக்டோரினாக்சின் பிரபல மாடல்கள் 58, 84, 91, 111 மில்லிமீட்டர் நீளம். வெங்கரின் வழக்கமான அளவுகள் 65, 85.

சிப்பாய் கத்திக்கு தனி மவுசு

சிவப்புக் கத்தி ராணுவம் இலவசமாகக் கொடுத்தது அல்ல. 1897-ல் வந்த அந்த 'ஆபீசர் கத்தி'யை அதிகாரிகள் சொந்தக் காசு போட்டுத்தான் வாங்கினார்கள். ராணுவம் சிப்பாய்களுக்குக் கொடுத்தது வேறு கத்தி. அதில் சிவப்பும் பளபளப்பும் பிறகுதான்.

முதல் சிப்பாய் கத்தி 1890 மாடல். கருத்த ஓக் மரக் கைப்பிடி. பிளேடு, குத்தூசி, டின் ஓப்பனர், ஸ்க்ரூ டிரைவர் என நாலே சாமான். அந்த ஸ்க்ரூ டிரைவர் துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதற்கு! இதில் ஒரு வேடிக்கை. அப்போது சுவிட்சர்லாந்தில் இவ்வளவு கத்தி செய்ய ஆள் பலம் இல்லை. அதனால் 1891-ல் முதல் லாட் ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் இருந்து வந்தது. மரக்கைப்பிடி போட்ட சிப்பாய் கத்தியில் சோலிங்கன் கம்பெனி பெயர் இருந்தால் அது போலி அல்ல, அதுதான் ஆதிக் கத்தி. நம்ம ஊர் பீரோவில் அது இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1908 மாடலில் மரம் போய் ஃபைபர் கைப்பிடி வந்தது. 1951-ல் துருப்பிடிக்காத எஃகு வந்தது. 1961-ல் வந்ததுதான் வெள்ளி நிறத்தில், கட்டம் கட்டமாகச் சொரசொரப்பான அலுமினியக் கைப்பிடி. இந்த 1961 மாடல் கத்தி கிடைத்தால் பிளேடின் அடியைக் கட்டாயம் பாருங்கள். கம்பெனி பெயரோடு இரண்டு இலக்க நம்பர் இருக்கும். 83 என்று இருந்தால் 1983-ல் செய்தது. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கத்தி என்று வரிசையாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருஷம் விட்டுப் போயிருந்தால் அதற்காக அலைகிறார்கள். அந்த இரண்டு நம்பருக்குத்தான் காசு.

2008-ல் ராணுவம் மாடலை மாற்றிவிட்டது. பச்சை, கறுப்பு கைப்பிடி, பெரிய சைஸ், ஒரே கையால் திறக்கும் பிளேடு. உலக டெண்டர் விட்டபோது ஆர்டர் வெளிநாட்டுக்குப் போய்விடுமோ என்று சுவிட்சர்லாந்தில் பெரிய கூச்சலே எழுந்தது. கடைசியில் விக்டோரினாக்சுக்கே கிடைத்தது.

'லிமிடெட்' என்றால் எவ்வளவு?

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2017-ல் விக்டோரினாக்ஸ் தன்னுடைய 50 கோடியாவது பாக்கெட் கத்தியைச் செய்து முடித்தது. ஆகவே சாதாரண சிவப்புக் கத்தி அபூர்வப் பொருள் கிடையாது. அதை வைத்து லட்சாதிபதி ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மதிப்பு கூடுவது குறிப்பிட்ட ரகங்களுக்குத்தான். அலுமினியக் கைப்பிடி கத்திகளில் வருஷத்துக்கு ஒரு கலர் என்று லிமிடெட் எடிஷன் வருகிறது. 2021-ல் புலி ஆரஞ்சு, 2022-ல் இடிமேகச் சாம்பல், 2023-ல் லாவண்டர், 2024-ல் மண் பழுப்பு. கைப்பிடியின் பின்பக்கம் வருஷத்தைப் பொறித்திருப்பார்கள். கலர் ஒன்று, வருஷம் ஒன்று என்று இடித்தால் கைப்பிடியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தக் கத்திகளில் தனித்தனி வரிசை எண் கிடையாது. எனவே "இது 100-ல் ஒண்ணு சார்" என்று கடைக்காரர் சொன்னால் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்கலாம்.

எண் போட்டு வருவது வேறு ரகம். ஆபீசர் கத்தியின் 125-வது ஆண்டுக்காக 2022-ல் பழைய 1897 கத்தியை அப்படியே மறுபடி செய்தார்கள். மொத்தம் 9,999. 'டமாஸ்ட்' என்ற வரிசையிலும் எண் இருக்கும். அதன் பிளேடு முழுக்க தண்ணீர் அலை மாதிரி கோடு ஓடும். அந்த எஃகு சுவீடன் சரக்கு. டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடிய பழைய வாளுக்கு தென்னிந்திய உருக்கு போனது வேறு கதை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் உருக்கு செய்த உலைகளையே தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

இந்த அலைக் கோட்டில்தான் ஏமாற்று வேலை நடக்கிறது. நிஜமான டமாஸ்ட் பிளேடில் கோடு எஃகுக்குள்ளேயே இருக்கும், பிளேடின் முதுகுப் பக்கத்திலும் தொடர்ந்து தெரியும். மேலே மட்டும் அச்சடித்த கோடு ஓரத்தோடு நின்றுவிடும். பெட்டியில், சான்றிதழில், கத்தியில் மூன்றிலும் ஒரே எண்தானா என்றும் பாருங்கள்.

போலியைப் பிடிப்பது

பிளாட்பாரத்தில் விற்கும் டூப்பை காதால் கண்டுபிடிக்கலாம். ஒரிஜினல் பிளேடு திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று நிற்கும். டூப்பு கொழகொழவென்று ஆடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தகடுகளுக்கு நடுவே சந்து தெரியும். பிளேடின் அடியில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. சிலுவை கோணலாக இருக்கும்.

பழைய பழக்கக்காரர்கள் "சிலுவை உலோகத்தில் பதித்திருந்தால் ஒரிஜினல், பெயிண்ட் அடித்திருந்தால் போலி" என்பார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். நைலான் கைப்பிடி போட்ட ஒரிஜினல் மாடல்களில் சின்னத்தை அச்சடித்துத்தான் கொடுக்கிறார்கள். நல்ல கத்தியை இதற்காகக் கைவிட்டவர்களும் உண்டு.

கத்தி நல்லது என்று தெரிந்ததும் நம்ம ஆட்கள் செய்யும் முதல் வேலை பாலீஷ். தெருவில் வரும் சாணைக்காரரிடம் நீட்டுவது. அதோடு போச்சு! சக்கரத்தில் வைத்ததும் பிளேடு மெலிந்துவிடும், அடியில் இருந்த வருஷ எழுத்தும் தேய்ந்துவிடும். அழுக்கு இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் திறந்து மூடி அலசி, நன்றாகத் துடைத்து, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பல்குத்தியும் முள் எடுக்கும் இடுக்கியும் கைப்பிடியில் செருகியிருக்கும், கழுவும்போது தொலைத்துவிட வேண்டாம். தொலைந்தாலும் பயமில்லை, அவை தனியாகக் கிடைக்கும்.

சட்டச் சிக்கல் வருமா என்று சிலருக்குப் பயம். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடுகளைத்தான் குறிப்பிடுகிறார்கள். இந்தக் கத்தியின் பிளேடு அதில் பாதிகூட இல்லை. ஆனால் விமானத்தில் கதை வேறு. கையில் எடுத்துப் போகும் பையில் கத்தி இருக்கவே கூடாது. லக்கேஜில் போடும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மறந்துபோய் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைக்குப் போனால், தாத்தா காலத்துக் கத்தியாக இருந்தாலும் அங்கே வைத்திருக்கும் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.