நஞ்சு காட்டிய வழியில் ஒரு மாத்திரை

இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்களில் பாம்புக்கடியின் கொடுமையை அறியாதோர் மிகக் குறைவு. தறப்பாள் கொட்டிலில் நிலத்திலே பாய் விரித்துப் படுப்போரும், பல வருடங்களாகப் பற்றையாய்க் கிடந்த காணியைத் துப்புரவாக்குவோரும் இந்த அச்சத்துடனேயே வாழ்கின்றனர். ஆனால் பிறசருக்கென்று வயோதிபர் பலர் நாள்தோறும் விழுங்கும் ஒரு வகை மாத்திரை, பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகவே கிடைத்தது என்பதைப் பலர் அறியார். கொல்லும் நஞ்சு காக்கும் மருந்துக்கு வழிகாட்டியது எவ்வாறு என்பதை இங்கு பார்ப்போம்.

பிரேசில் நாட்டு விரியன்

தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்னும் விரியன் இனப் பாம்பு வாழ்கிறது. 1948 இல் சாவோ பாவுலோ நகரில் ரோச்சா இ சில்வா என்னும் விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் இதன் நஞ்சை நாய்களுக்கு ஏற்றி ஆராய்ந்தனர். அப்போது இரத்தத்தில் ஒரு பொருள் உண்டாகி, இரத்தக் குழாய்களை விரியச் செய்து, அழுத்தத்தைக் குறைப்பதைக் கண்டனர். அதற்குப் பிராடிகைனின் என்று பெயரிட்டனர். 1965 இல் சேர்ஜியோ பெரெய்ரா என்னும் பிரேசில் விஞ்ஞானி மேலும் ஒன்றைக் கண்டறிந்தார். பிராடிகைனின் விரைவில் அழிந்துபோகாமல் காத்து, அதன் வேலையை வலுப்படுத்தும் பொருளொன்றும் அந்த நஞ்சிலேயே இருந்தது.

உடலில் நடப்பது என்ன?

நீர் இறைக்கும் இயந்திரத்தின் குழாயை நடுவில் நெரித்தால் பின்னால் அழுத்தம் ஏறுவதை நாம் அறிவோம். இரத்தக் குழாய்களிலும் அப்படியே. எமது உடலிலுள்ள ஒரு நொதியம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. குழாய்களைச் சுருக்கும் பொருளை அது உண்டாக்குகிறது. குழாய்களை விரிக்கும் பிராடிகைனினை அழிக்கிறது. இரண்டினாலும் அழுத்தம் ஏறும். நஞ்சிலுள்ள பொருள் இந்த நொதியத்தைத் தடுக்கிறது. கடிபட்ட இரைக்கு அழுத்தம் சடுதியாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அழுத்தம் மிகுந்த நோயாளிக்கோ, அதே தடுப்பு அளவோடு கிடைத்தால் நன்மை தரும்.

பெரெய்ரா இப்பொருளை இலண்டனில் ஜோன் வேன் என்பவரின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் அமெரிக்காவில் ஸ்குவிப் மருந்துக் கம்பனியின் விஞ்ஞானிகளான கஷ்மன், ஒண்டெற்றி ஆகியோர் ஆய்வைத் தொடர்ந்தனர். நஞ்சில் கண்ட பொருளை ஊசி மூலமே கொடுக்க முடிந்தது. வாயால் உட்கொண்டால் பயனில்லை. ஆகவே அதே வேலையைச் செய்யும் சிறிய இரசாயனப் பொருளொன்றை அவர்கள் ஆய்வுகூடத்தில் உருவாக்கினர். அதுவே கப்டோபிறில். 1981 இல் அமெரிக்காவில் அது பாவனைக்கு அனுமதிக்கப்பட்டது. எனலாபிறில், லிசினோபிறில் என்பன அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இம்மாத்திரைகளில் ஒரு துளி நஞ்சேனும் இல்லை என்பதை மனதிற் கொள்க.

எமது நாட்டின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களிலும் காணப்படும் சுருட்டை விரியனும் இவ்வாறு உதவியுள்ளது. அவ்வினத்தின் நஞ்சிலுள்ள ஒரு பொருளை மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட ரைரோபிபான் என்னும் மருந்து 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்பு வேளையில் இரத்தம் கட்டியாகாமல் தடுக்க அது ஏற்றப்படுகிறது.

நாம் கவனிக்க வேண்டியவை

• நஞ்சிலிருந்து மருந்து வந்தது என்பதற்காக எவரும் பாம்பின் நஞ்சைக் கையாளவோ, மருந்தென்று உட்கொள்ளவோ கூடாது. அதிலுள்ள பல பொருட்களுள் ஒன்றைப் பிரித்தறிந்து மாத்திரையாக்கப் பல வருட உழைப்பு வேண்டியிருந்தது.

• பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மோதிரம், காப்பு என்பவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் கிடைக்கும்.

• பிறசர் மாத்திரையைச் சுகமாயிருக்கிறது என்று நிறுத்தலாகாது. இடம் மாறும்போது கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் முதலில் எடுத்து வையுங்கள். ஒருவரின் மாத்திரையை இன்னொருவர் வாங்கிப் போடவும் கூடாது.

• கப்டோபிறில், எனலாபிறில் போன்றவை வயிற்றிலுள்ள பிள்ளைக்குத் தீங்கு செய்யும். இவற்றைப் பாவிக்கும் பெண் கர்ப்பமுற்றால் உடனே வைத்தியரிடம் கூற வேண்டும். விடாத வரட்டு இருமல் உண்டானாலும் தெரிவியுங்கள். வேறு மாத்திரை தருவார்கள்.

பாலைநிலத்தில் பாம்புகளால் கடியுண்ட இஸ்ரயேல் மக்கள் பிழைப்பதற்கு மோசே உயர்த்தியதும் ஒரு வெண்கலப் பாம்பையே. நாம் அஞ்சும் படைப்பிலும் இறைவன் நன்மையை மறைத்து வைத்திருக்கிறார். அதைத் தேடிக் கண்டடையும் அறிவையும் அவரே எமக்குத் தந்துள்ளார். கடிபட்டவரை நேரத்தோடு வைத்தியசாலைக்கு அனுப்புவதும், முதியவரின் மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்வதும் அந்த அறிவை நாம் பயன்படுத்தும் வழிகளாகும்.