மெதுவடை ஓட்டைக்குள் 690 முறை: டொராய்டு காயில் மெஷின் எப்படி வேலை செய்கிறது?

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஐப்பசி மழை நாள். அடுக்குமாடி வீடு ஒன்றில் வாஷிங் மெஷினை ஆன் செய்ததும் ‘டப்’ என்று வீடு முழுக்க கரண்ட் போகிறது. ஃபியூஸ் போகவில்லை, ஓவர்லோடும் இல்லை. டிபி பாக்ஸில் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கிறது. ‘மழை வந்தாலே இது ஒரு தொல்லை’ என்று திட்டிக்கொண்டே மறுபடி தூக்கி விடுகிறோம்.

அந்தத் ‘தொல்லை’க்குள் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள சின்ன உலோக வளையம் ஒன்று இருக்கிறது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிகளும் அதன் ஓட்டை வழியாகப் போகின்றன. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இருந்தால் வளையத்துக்கு வேலையில்லை. ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனித உடல் வழியாகவோ கரண்ட் கொஞ்சம் பூமிக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும். வளையத்தின் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய செம்புக் கம்பி அந்த வித்தியாசத்தை உணரும். வீட்டுக்கான ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது விதி.

இப்படி வளையத்தின் மேல் கம்பி சுற்றிய காயிலுக்குப் பெயர் டொராய்டு. அபார்ட்மென்ட்டின் எலெக்ட்ரிக்கல் ரூமில் மீட்டருக்குக் கணக்குச் சொல்லும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்), சர்வோ ஸ்டெபிலைசர், நல்ல ஆடியோ ஆம்ப்ளிஃபயர், மொபைல் சார்ஜர் என்று பல இடங்களில் இது ஒளிந்திருக்கிறது.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய ‘மெப்ஸ்’ ஏற்றுமதி மண்டலம் இருக்கிறது. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளும் எட்டும் தூரம்தான். எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் வேலை பழகிய இந்த வட்டாரத்தில் ‘காயில் வைண்டிங்’ புதிய சொல் அல்ல. ஆனால் வளையத்தில் கம்பி சுற்றுவதும் அதன் மேல் டேப் போடுவதும் எப்படி என்பது வெளியே பலருக்குத் தெரியாது.

ஏன் வளையம்?

சாதாரண டிரான்ஸ்ஃபார்மரின் கோர், ‘இ’, ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து வடிவத் தகடுகளை அடுக்கிச் செய்வது. தகடுகள் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி இருக்கும். காந்தப்புலம் அங்கே கொஞ்சம் சிதறும், ‘ஊம்ம்’ என்ற ரீங்காரமும் வரும்.

டொராய்டு கோர் அப்படியல்ல. சிலிக்கான் கலந்த எஃகு நாடாவை ரிப்பன் போலச் சுருட்டிச் செய்வது. காந்தப்புலம் வெளியேற இடைவெளி இல்லை. அதனால் சிதறல் குறைவு, சத்தம் குறைவு, அதே வேலைக்கு எடையும் குறைவு.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ‘இ’ வடிவக் கோரில் காயிலைத் தனியாக ஒரு பாபினில் சுற்றி, பிறகு தகடுகளைச் செருகிவிடலாம். வளையத்துக்கு முனையே கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி முழுவதும் ஓட்டைக்குள் போய் வந்தாக வேண்டும்.

பட்டு நூல் வளையல் செய்து பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். நூலை ஒவ்வொரு முறையும் வளையலுக்குள் விட்டு இழுக்க வேண்டும். உள்பக்கம் நூல் நெருங்கும், வெளிப்பக்கம் இடைவெளி விடும்.

மைக்கேல் ஃபாரடே செய்ததும் இதுதான். லண்டனில் 1831 ஆகஸ்ட் 29 அன்று மின்தூண்டலைக் கண்டறிய அவர் பயன்படுத்தியது, 6 அங்குல விட்டமுள்ள இரும்பு வளையம். கம்பிகள் ஒன்றோடொன்று தொடாமல் இருக்க நூலும் பருத்தித் துணியும் வைத்துக் கையாலேயே சுற்றினார். கம்பி சுற்றுவது, நடுவே காப்புப் பொருள் வைப்பது என்ற அதே இரண்டு வேலைகளைத்தான் இன்றைய வைண்டிங் மெஷினும் டேப்பிங் மெஷினும் செய்கின்றன.

மெஷின் என்ன செய்கிறது?

மெஷினின் உயிர் ‘ஷட்டில்’. இதுவும் ஒரு வளையம்தான், ஆனால் ஓர் இடத்தில் திறந்து மூடலாம். சங்கிலியின் ஒரு கண்ணி இன்னொன்றுக்குள் கோத்திருப்பது போல, ஷட்டில் கோரின் ஓட்டைக்குள் கோத்து நிற்கும். வேலை இந்த வரிசையில் நடக்கிறது:

1. ஷட்டிலைத் திறந்து கோரை உள்ளே விட்டு மூட வேண்டும். ரப்பர் போர்த்திய உருளைகள் கோரைப் பிடித்துக்கொள்ளும்.

2. ‘லோடிங்’. ஸ்பூலில் இருந்து தேவையான நீளக் கம்பியை முதலில் ஷட்டிலின் பள்ளத்தில் ஏற்றி, வெட்டிவிட வேண்டும்.

3. கம்பியின் முனையை ‘ஸ்லைடர்’ என்ற சிறு வழிகாட்டி வழியாக எடுத்து, கோரில் நிறுத்திப் பிடிக்க வேண்டும்.

4. மெஷின் ஓடும்போது ஸ்லைடர் ஒரு முறை ஓட்டைக்குள் போய் வந்தால் ஒரு சுற்று. அதே நேரம் உருளைகள் கோரை மெதுவாகத் திருப்பும். அந்த வேகம்தான் அடுத்தடுத்த சுற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தீர்மானிக்கிறது.

5. கவுன்ட்டரில் போட்ட எண் வந்ததும் மெஷின் நிற்கும். மிச்சக் கம்பியை எடுத்து, ஷட்டிலைத் திறந்து, காயிலை வெளியே எடுக்க வேண்டும்.

‘எல்லாம் மெஷினே பண்ணுதே, ஆபரேட்டருக்கு என்ன வேலை?’ என்று கேட்கலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரு கோர், ஒரு கணக்கு

வெளிவிட்டம் 100 மி.மீ., உள்விட்டம் 50 மி.மீ., உயரம் 40 மி.மீ. கொண்ட கோரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சப்ளைக்கு, காந்தப்புல அடர்த்தி 1.5 டெஸ்லா என்று வைத்தால், சுமார் 690 சுற்று வேண்டும். அதாவது ஒரு சுற்றுக்கு 0.33 வோல்ட்.

22 கேஜ் எனாமல் கம்பியின் தடிமன் எனாமலோடு சேர்த்து ஏறக்குறைய 0.8 மி.மீ. ஓட்டையின் உட்புறச் சுற்றளவு 157 மி.மீ. தான். முதல் அடுக்கில் 190 சுற்றுக்கு மேல் நிற்காது. ஆக, குறைந்தது நான்கு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் ஓட்டை சுருங்கிக்கொண்டே வரும். முதல் நாள் தாராளமாகத் தெரியும் 50 மி.மீ. ஓட்டை, நான்கு அடுக்கும் நடுவே டேப்பும் போன பிறகு 40 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். அதற்குள் ஷட்டிலும் போய் வர வேண்டும், இரண்டாவது வைண்டிங்குக்கும் இடம் மிஞ்ச வேண்டும்.

இதற்குத் தேவையான கம்பி கிட்டத்தட்ட 95 மீட்டர். லோடு குறைவாகப் போட்டால் 650-வது சுற்றில் கம்பி தீர்ந்துவிடும். அங்கே ஒட்டுப் போட்டால் அது பலவீனமான இடம். ஒட்டு கூடாது என்றால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். கூடுதலாக ஏற்றினால் செம்பு வீண். இந்த அளவை மெஷின் தானாக முடிவு செய்யாது. கணக்குப் போட்டு ஏற்றுவது ஆபரேட்டர்.

அடுத்தது டென்ஷன். கம்பியை எவ்வளவு இறுக்கமாக இழுப்பது என்பது. லூஸாக விட்டால் சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஓட்டை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ரொம்ப டைட்டாக வைத்தால் கம்பி இழுபட்டு மெலியும், கோரின் விளிம்பில் எனாமல் உரியும்.

எனாமல் உரிந்தால் என்ன ஆகும்? பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் இரண்டு தொட்டுக்கொண்டால், ஒரு சுற்று மட்டும் தனியாக ஷார்ட் ஆகிவிடும். அதில் இருப்பது 0.33 வோல்ட்தான், கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த ஒரு சுற்றின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஆறு பங்கு மட்டுமே. கணக்குப்படி அதில் 50 ஆம்பியருக்கும் மேல் பாய வழி உண்டு. அந்தக் கம்பி நிம்மதியாகத் தாங்குவது சுமார் ஓர் ஆம்பியர். மிச்சம் 689 சுற்றும் ஒழுங்காக இருந்தும் பயனில்லை, காயில் கருகிவிடும்.

டேப் போடுவது சின்ன வேலையா?

பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது டேப்பிங் மெஷின். கம்பிக்குப் பதில் பாலியெஸ்டர், பருத்தி அல்லது கண்ணாடி இழை டேப். முறை அதேதான். ஷட்டில் ஓட்டைக்குள் போய் வர, டேப் வளையத்தைச் சுற்றிக்கொண்டே போகும். கோருக்கும் கம்பிக்கும் நடுவே, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே, கடைசியாக மேலே என்று பல முறை டேப் வரும்.

டிராயிங்கில் ‘பாதி ஏற்றம்’ என்று இருந்தால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதி அகலத்தை மூட வேண்டும். 12 மி.மீ. டேப் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 6 மி.மீ. நகர வேண்டும். எங்கே 6 மி.மீ. என்பதுதான் கேள்வி.

அதே 100–50 கோரில் உள்பக்கத்தைப் பார்த்து 6 மி.மீ. வைத்தால் மொத்தம் 26 சுற்றில் முடிந்துவிடும். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் வெளிச் சுற்றளவு 314 மி.மீ. அங்கே ஒவ்வொரு சுற்றும் 12 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாகவே நகர்ந்திருக்கும். டேப் ஒன்றின் மேல் ஒன்று ஏறியே இருக்காது, நடுவே மயிரிழை இடைவெளி தெரியும். வெளிப்பக்கத்தை வைத்து 6 மி.மீ. என்று கணக்கிட்டால் 52 சுற்று வரும். வெளியே இரண்டு அடுக்கு காப்பு, உள்ளே நான்கு அடுக்கு. இதுதான் சரி. உள்ளே தடிமன் கூடுவதால் ஓட்டை சுருங்கும் என்பதையும் முன்பே கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

டேப்பில் விழும் சுருக்கத்தையும் அலட்சியம் செய்ய முடியாது. சுருக்கத்தில் காற்று தங்கும். பிறகு வார்னிஷில் முக்கும்போது அந்த இடத்துக்கு வார்னிஷ் போய்ச் சேராது.

ஒரு சுற்று குறைந்தால் யாருக்கு நஷ்டம்?

சி.டி.யில் இது நேரடியாகப் பணம். பெரிய அபார்ட்மென்ட், தொழிற்சாலை, மால் போன்ற இடங்களில் மொத்தக் கரண்டும் மீட்டர் வழியாகப் போகாது. 500 ஆம்பியர் கேபிளை டொராய்டு ஓட்டைக்குள் விட்டு, அதன் மேல் 100 சுற்று சுற்றினால் 5 ஆம்பியர் வெளியே வரும். மீட்டர் அந்த 5-ஐப் பார்த்து 500 என்று புரிந்துகொள்ளும்.

100-க்குப் பதில் 99 சுற்று இருந்தால் 5.05 ஆம்பியர் வரும். பில் 1 சதவீதம் கூடும். மாதம் 50,000 யூனிட் செலவாகும் இடத்தில் அது 500 யூனிட், மாதாமாதம். 101 சுற்றானால் அதே நஷ்டம் மின்வாரியத்துக்கு. ‘கிளாஸ் 0.5’ என்று முத்திரை குத்திய சி.டி.யில் முழுக் கரண்டில் அனுமதிக்கப்பட்ட பிழையே அரை சதவீதம்தான்.

கோரில் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட, அதிகச் சுற்றுள்ள சில டிசைன்களில் வேண்டுமென்றே ஒரு சுற்றைக் குறைப்பதும் உண்டு. அதை டிராயிங் சொல்லும். ஆபரேட்டர் ‘ஒண்ணுதானே’ என்று தானாக முடிவு செய்யக் கூடாது. ஸ்லைடர் தடுக்கி கம்பி அறுந்தால், மறுபடி ஓட்டும் முன் கவுன்ட்டரை நம்பாமல் கடைசிச் சில சுற்றுகளைக் கையால் எண்ணிப் பார்ப்பது அதனால்தான்.

விரல்கள் பத்திரம்

டேப் சுருங்குவதைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். ஷட்டில் அதற்குள் இன்னொரு முறை சுற்றி வந்துவிடும். காயம் படுவதற்கு அந்த ஒரு நொடி போதும். முதலில் மெஷினை நிறுத்து, பிறகு தொடு என்பதே முதல் பாடம். சுழலும் ஷட்டில் பக்கத்தில் கையுறை கூடாது, அது சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். தொங்கும் துப்பட்டா, வளையல், வாட்ச், கழுத்தில் மாட்டிய ஐடி கார்டு எதுவும் ஆகாது. அறுந்த கம்பி முகத்தில் அடிக்கலாம் என்பதால் கண்ணாடி அவசியம்.

அசையும் இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவு சொன்னது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர்கள் இருந்தால்தான் அது ‘தொழிற்சாலை’. அதற்குப் பதிலாக வந்த 2020-ன் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20. ஐந்து பேர் வேலை செய்யும் வைண்டிங் பட்டறை இரண்டிலுமே தொழிற்சாலை ஆகாது. அங்கே ஷட்டிலுக்கு மேல் ஒரு மூடி போடுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் முதலாளியின் மனசைப் பொறுத்தது. வேலைக்குச் சேர்பவர் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டியிருக்கிறது: ‘அண்ணே, மெஷினுக்கு கவர் இருக்கா? எமர்ஜென்சி சுவிட்ச் வேலை செய்யுதா?’

கற்றுக்கொள்ள எது வழி?

ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடப் படிப்பு. அதன் பாடத்திட்டத்தில் மோட்டார், சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் உண்டு. டொராய்டு மெஷினைப் பழகுவது பெரும்பாலும் பட்டறையிலேயே. முதலில் டேப்பிங், பிறகு தடிமனான கம்பி, கடைசியில் தலைமுடி போன்ற மெல்லிய கம்பி. சுற்று எண்ணிக்கையைக் கவுன்ட்டர் பார்த்துக்கொள்ளும். டென்ஷன் மாறும்போது ஷட்டிலின் சத்தம் மாறுவதைக் காது பிடிக்கப் பழகினால்தான் ஆபரேட்டர்.

முடிந்த காயில் டெஸ்ட் மேசைக்குப் போகும். மின்தடை, சுற்று விகிதம், உயர் மின்னழுத்தத்தில் காப்பு தாங்குகிறதா என்று மூன்றையும் பார்த்த பிறகே ஸ்டிக்கர்.

அந்தச் சோதனையின் கடைசிக் கட்டம் வீட்டில் நடக்க வேண்டியது. ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து போட்ட சின்ன பட்டன் இருக்கும். அழுத்தினால் உடனே ‘டப்’ என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த வளையமோ அதைச் சார்ந்த பாகமோ வேலை செய்யவில்லை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம். அடுத்த மழைக்கு முன் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடலாம்.