மரயானை யானையா?

பல்லாண்டுகளுக்கு முன்னர்த் தொகைநிலைத் தொடர்களைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். ‘மரநாற்காலி’, ‘மரயானை’ என்னும் இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, இரண்டுமே மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று நான் விளக்கியிருந்தேன். “ஐயா, மரநாற்காலி நாற்காலிதான். மரயானை யானை இல்லையே. இரண்டும் எப்படி ஒன்றாகும்?” என்று கேட்டாள். “மரத்தால் ஆகிய நாற்காலி, மரத்தால் ஆகிய யானை, விரித்துப் பார், விதி ஒன்றுதான்” என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன். விதி ஒன்றுதான். ஆனால் அவள் கேட்டது விதியைப் பற்றியன்று, பொருளைப் பற்றி. அன்று நான் தந்திருக்க வேண்டிய விடையை இலக்கண நூல்களைக் காட்டிலும் மரச்சிற்பிகள் சிலரின் வேலைப்பாடே எனக்குத் தெளிவாக்கியது.

அமெரிக்கச் சிற்பி ராண்டல் ரோசன்தால் செதுக்குபவை தெய்வ உருவங்களோ விலங்குகளோ அல்ல. மேசைமேல் கிடக்கும் செய்தித்தாள், மஞ்சள் நிறக் குறிப்பேடு, அட்டைப்பெட்டி நிறையப் பணக்கட்டு ஆகியவை. வெள்ளைப் பைன் மரத்தின் ஒரே கட்டையிலிருந்து அவற்றைக் குடைந்து எடுக்கிறார். பின்னர் மையாலும் அக்ரிலிக் வண்ணத்தாலும் எழுத்து, கோடு, நிழல், கசங்கல் ஆகிய அனைத்தையும் தீட்டுகிறார். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டனபோல் தோன்றும். உண்மையில் அங்கே தாள் ஒன்றுகூட இல்லை. அடுக்கின் விளிம்பில் உளி கீறிய மெல்லிய கோடுகளே தாள்களாகின்றன. காண்பவர் கை, பக்கத்தைப் புரட்டத் தானே நீளும்.

இத்தகைய பொருளை ஆராய நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. தொல்காப்பியர் உவமவியலில் உவமை தோன்றும் வகைகள் வினை, பயன், மெய், உரு என நான்கு என்கிறார். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம் என உரையாசிரியர்கள் விளக்குவர். ரோசன்தாலின் செய்தித்தாளில் உளி மெய்யைத் தருகிறது. தூரிகை உருவைத் தருகிறது. இவ்விரண்டிலும் குறை காண இயலாது. ஆனால் அதைப் புரட்ட முடியாது. எனவே வினை இல்லை. அதில் நாளைய செய்தி வராது. எனவே பயனும் இல்லை. நான்கில் இரண்டு முழுமையாக நிற்க, மற்ற இரண்டும் முழுமையாக நீங்கிவிடுகின்றன. புலவர் சொல்லும் உவமையில் இவ்வளவு துப்புரவான பிரிவு அரிது.

இந்த இரண்டிலும் ஒன்றைக் கைவிட்டவர் ஒருவர் உண்டு. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த புமியோ யோஷிமுரா தட்டச்சுப்பொறி, தையல் இயந்திரம், மிதிவண்டி ஆகியவற்றை அவற்றின் சிற்றுறுப்புகள்வரை லிண்டன் மரத்தில் செய்தார். ஆனால் வண்ணம் பூசவில்லை. மிதிவண்டியின் ஒவ்வொரு கம்பியும் வெளிறிய மரமாகவே நிற்கும். அவருடைய படைப்பு யாரையும் ஏமாற்றுவதில்லை. எனக்கென்னவோ வண்ணம் தீட்டிய சிற்பத்தைவிட இதுவே அதிகமாகச் சிந்திக்க வைக்கிறது. எனினும், மாணவியின் வினாவுக்கு வண்ணம் தீட்டியதே பயன்படும்.

மரத்தில் செய்த யானையைத் திருமூலர் பாடிய திருமந்திரப் பாட்டை அறியாதவர் இந்த அவையில் இருக்க மாட்டார். யானையாகக் காண்பவனுக்கு மரம் மறைகிறது. மரமாகக் காண்பவனுக்கு யானை மறைகிறது என்பது அதன் கருத்து. திருமூலரின் யானையில் பார்வை இரு திசையிலும் செல்லக்கூடும். ரோசன்தாலின் செய்தித்தாளில் அது ஒரு திசையில்தான் செல்கிறது. கண் எவ்வளவு முயன்றாலும் மரத்தைக் காண்பதில்லை. அருகிலுள்ள சிறிய அறிவிப்புச் சீட்டில் ‘பைன் மரம்’ என்னும் சொற்களைப் படித்த பின்னரே மரம் வெளிப்படுகிறது. கண்ணால் ஆகாததை ஒரு சொல் செய்துவிடுகிறது. மொழியியல் பயின்றவனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி வேறில்லை.

அந்தச் சீட்டையும் தவிர்க்க முனைபவர் ஜப்பானியச் சிற்பி யோஷிஹிரோ சுடா. 1969-இல் பிறந்த இவர் மக்னோலியா வகையைச் சேர்ந்த ‘ஹோ’ மரத்தில் பூக்களையும் களைச்செடிகளையும் செதுக்கி, ஜப்பானிய ஓவிய மரபின் வண்ணங்களைப் பூசுகிறார். அம்மரம் மென்மையானது, சாமுராய் வாளுக்கு உறை செய்யப் பயன்பட்டது. நவோஷிமா தீவிலுள்ள பெனெஸ்ஸி அருங்காட்சியகத்தின் கான்கிரீட் சுவரோரம் அவருடைய களைச்செடி முளைத்திருக்கிறது. பிடுங்கி எறிய வேண்டியது என்று கடந்து போகிறவர்களும் இருக்கலாம். உவமை உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்று விதித்த தொல்காப்பியர் இந்தக் களைச்செடியை எந்த வரிசையில் வைத்திருப்பாரோ!

அதே தீவில், ஊரார் கூடி ‘கோ’ என்னும் பலகை விளையாட்டு ஆடிய இடத்தின் பெயரால் ‘கோகைஷோ’ என வழங்கும் வீடு ஒன்று உள்ளது. 2006-இல் சுடா அதனைத் தம் படைப்பாக ஆக்கினார். பாய் விரித்த இரண்டு அறைகள். ஓர் அறையில் மரத்தால் ஆகிய கமேலியாப் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. மற்றோர் அறையில் பூக்கள் இல்லை. ஹயாமி கியோஷூ என்னும் ஓவியர் 1929-இல் தீட்டிய கமேலியா ஓவியம் இதற்குத் தூண்டுதல். வெளியே தோட்டத்தில் உயிருள்ள கமேலியா மரம் ஒன்று நிற்கிறது. அது தன் பருவத்தில் பூத்து, உதிர்ந்து, வாடும். உள்ளே கிடப்பவை உதிர்ந்த கணத்திலேயே நின்றுவிட்டவை. இங்கே குறைவது வினை ஒன்றே: வாடுதல் என்னும் வினை. பார்த்து மகிழ்தலே பூவின் பயன் என்று கொண்டால், மரப்பூவிலும் அப்பயன் உண்டு. ஆகவே ‘மரப்பூ பூவா?’ என்னும் வினா ‘மரச்செய்தித்தாள் செய்தித்தாளா?’ என்பதைவிடக் கடினமானது.

இனி ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். கானா நாட்டின் தலைநகரான அக்ராவை அடுத்த தேஷி என்னும் ஊரில், கா மொழி பேசும் மக்களிடையே சேத் கேன் குவெய் என்னும் தச்சர் வாழ்ந்தார், 1992-இல் மறைந்தார். அவர் பட்டறையிலும் அவரிடம் தொழில் பயின்ற பா ஜோ முதலியோர் பட்டறைகளிலும் சவப்பெட்டிகள் அன்றாடப் பொருள்களின் வடிவில் செய்யப்படுகின்றன. மீனவருக்கு மீன் அல்லது படகு, கொக்கோ பயிரிட்டவருக்குக் கொக்கோக் காய், ஓட்டுநருக்குக் கார். எடை குறைந்த மரப்பலகைகளை இணைத்து, செதுக்கி, இழைத்து, செதில்கள்வரை வண்ணம் தீட்டுவார்கள். சில வார உழைப்பு, சில நாள் காட்சி, பிறகு மண். வெளிநாட்டார் இவற்றைக் ‘கற்பனைச் சவப்பெட்டி’ என்கின்றனர். கா மக்கள் ‘அபேபூ அடெகாய்’ என்பர். ‘பழமொழிப் பெட்டிகள்’ என்பது அதன் பொருள்.

இப்பெயர் மிகக் கூர்மையானது. மரம் மீனைப் போன்றிருப்பதால் மீன் எனப்படுகிறது. நம் இலக்கணத்தில் இதனை உவமையாகுபெயர் எனலாம். அந்த மீன், அதைப் பிடித்து வாழ்ந்த மனிதரைக் குறிக்கிறது. இங்கே ஒப்புமை இல்லை. தொடர்பு மட்டுமே உண்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் சொல்வதுதானே பழமொழியின் வேலை? 1989-இல் பாரிஸ் நகரில் நடந்த ‘மண்ணின் மந்திரவாதிகள்’ என்னும் கண்காட்சியில் கேன் குவெயின் பெட்டிகள் வைக்கப்பட்டன. அழகு குறையவில்லை. ஆனால் உள்ளே மனிதர் இல்லாத பெட்டி யாரைப் பற்றிய பழமொழி?

இறந்தோருக்காகப் பொருள்களின் சாயலைச் செய்வது இந்நாட்டவர்க்குப் புதிதன்று. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் தாளால் செய்த வீடும் காரும் கைப்பேசியும் எரிக்கப்படுவதைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். எரிப்பவர்களிடம் ‘அது கார்தானா?’ என்று கேட்டால், பயன் இருக்கிறது, மறுமையில் இருக்கிறது என்பதே விடையாகும்.

தமிழும் இவ்வேறுபாட்டை உணராமல் இல்லை. பிள்ளைகள் மணலில் சமைக்கும் ‘சிறுசோறு’ அளவில் குறைந்த சோறன்று, சோறல்லாத சோறு. ‘சிற்றில்’, ‘சிறுதேர்’ ஆகியவற்றிலும் ‘சிறு’ என்னும் அடை அளவைக் குறிப்பதோடு நில்லாமல், ‘விளையாட்டுக்கு’ என்னும் பொருளையும் ஏற்றுவிடுகிறது. ‘பொய்க்கால்’ என்பதில் அடை வெளிப்படையாகவே உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஆயினும் அந்த மரக்கால் ஆடுகிறது, வினை செய்கிறது. பாடநூல்கள் பெரிதும் விரும்பும் ‘பொற்குடம்’ தண்ணீர் கொள்ளும். மதுரைக் கோயில் குளத்துப் ‘பொற்றாமரை’ மலர்ந்து கூம்பாது. இரண்டுக்கும் விரி ஒன்றே.

எனவே அந்த மாணவிக்கு இன்று இவ்வாறு கூறுவேன். தொகையின் வகையைச் சொல்வது வேற்றுமை உருபு. தலைச்சொல் தன் பொருளில் நிற்கிறதா, ஆகுபெயராக நிற்கிறதா என்பதைச் சொல்வது அதுவன்று. மரம் வந்த பின்னும் நாற்காலியின் பயன் எஞ்சுகிறது. அச்சொல் தன் பொருளிலேயே நிற்கிறது. யானையில் வடிவமும் நிறமுமே எஞ்சுகின்றன, பெயர் இரவலாகிறது. இதனைச் சொல்லை மட்டும் பார்த்துத் துணிய இயலாது என்பதற்கு ரோசன்தாலின் பணப்பெட்டியே சான்று. அவர் கட்டையைக் குடைந்து அட்டைப்பெட்டி போலத் தீட்டியது மரத்தால் ஆகிய பெட்டி. ஆனால் உள்ளே ஓர் ஊசியைக்கூட வைக்க இடமில்லாததால் பெட்டியன்று. தேஷி ஊர்த் தச்சர் செய்ததோ மரத்தால் ஆகிய மீன். அது மீனன்று, ஆனால் பெட்டி.